சூடு போன இடம்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் உள்ளே வரட்டும். முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் வைத்துக்கொண்டு கேட்கிற கதை இல்லை இது. பேய் பிசாசு ஒன்றும் கிடையாது. ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒரு லேப்டாப். அவ்வளவுதான். சொல்லி முடிக்கும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம். வெளியே விடாத மழை. அண்ணன்காரன் மேசை முன்னால் உட்கார்ந்து, திரையின் மூலையில் இருந்த ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தேழு. லேப்டாப்பின் உள்சூட்டைக் காட்டுகிற எண் அது. பத்து நிமிடமாக அசையவே இல்லை.

சூடு ஏறவில்லை என்றால் நல்லதுதானே என்பீர்கள். அன்று அது நல்லதில்லை. ஏனென்றால் அவன் அந்த லேப்டாப்பை அதன் சக்திக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தான். நடுத்தர விலைக்கு வாங்கியது அது. கடிதம் அடிக்க, படம் பார்க்கப் போதும். ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பிடித்த புது விளையாட்டை அது தாங்கவில்லை. இரண்டு பேர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறுகிற விளையாட்டு. இந்த லேப்டாப்பில், ஏறுகிறவன் ஓர் அடி வைப்பதற்குள் நாம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து வரலாம். பனி விழாமல் ஆகாயத்திலேயே தொங்கும். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை ஒரு நாள்தான் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிற நாள்.

தொழிற்சாலையில் கட்டி வைத்த வேகத்தை அவிழ்த்துக் கூட்டலாம், ஓவர்கிளாக் செய்யலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டான். வேகம் கூடினால் சூடு கூடும், விசிறி அலறும், தொண்ணூற்றைத் தாண்டினால் பெட்டி தானாகவே அணைந்துவிடும். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மயிரிழை கூடினால் சட்டத்துக்குள் நுழையாது, மயிரிழை குறைந்தால் கழன்று விழும் என்று விரல்நுனியிலேயே அளவு வைத்திருந்தவன். அதனால் இதையும் அப்படித்தான் செய்தான். வேகத்தை இருபத்தைந்து புள்ளி கூட்டு. பத்து நிமிடம் ஓட்டு. சூட்டைப் பார். மறுபடி இருபத்தைந்து.

காலையில்தான் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, காய்ந்துபோயிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்திருந்தான். உள்ளே இருக்கிற சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துகிற சாம்பல் நிறப் பசை அது. புதுப் பசையைத் துளியாக வைத்துவிட்டு, அதைத் தடவப் பிளாஸ்டிக் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது தங்கை வந்து நின்றாள். மழலையர் பள்ளி ஆசிரியை. எதையும் தொட்டுப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

"கேக்குக்குக் கிரீம் தடவுற மாதிரிதானே அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே ஆள்காட்டி விரலால் வழித்துத் தடவிவிட்டாள்.

"அடியே! வெறும் விரல் படக் கூடாதுடி அதுல!"

"பட்டுட்டுது. இனி என்ன, விரலை வெட்டணுமா? பாரு, எவ்ளோ வழவழன்னு உக்காந்திருக்கு."

துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் நிஜமாகவே வழவழவென்று, ஒரு லென்ஸ் போல உட்கார்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே மூடியைத் திருகிவிட்டான்.

இப்போது நூறு கூட்டியாகிவிட்டது. எண் முப்பத்தேழு. விசைப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. குளிர்ச்சியும் இல்லை. தூங்குகிற ஒருவர் கையின் மேல் கை வைத்தது போல இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டான்.

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டான். எந்தக் கோளாறு என்று போனாலும் "பேஸ்ட் மாத்திட்டியா?" என்று கேட்பதால் ஊரே அவரைப் பேஸ்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

"அண்ணே, நூறு ஏத்திட்டேன். சூடு முப்பத்தேழுலயே நிக்குது."

"பேஸ்ட் மாத்திட்டியா?"

"மாத்தியாச்சுண்ணே."

"அப்ப சென்சார் செத்திருக்கும். ஆனா ஒண்ணு தம்பி, கரண்டு உள்ள போகுதுல்ல? சூடு எங்கயாவது வெளிய வந்துதான் ஆகணும். எங்க வருதுன்னு தொட்டுத் தொட்டுப் பாரு." சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

திரையில் பனி விழுந்தது. தொங்காமல், தயங்காமல், பஞ்சு பஞ்சாக. ஆசை யாரை விட்டது? நூற்றிருபத்தைந்து.

"ஏய், வாடி! பனி கொட்டுது!"

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "உன் பனி இன்னைக்காவது டூட்டிக்கு வந்துச்சா? எனக்குத் தலை விண்ணு விண்ணுங்குது. கொஞ்சம் படுத்துட்டு வரேன்."

நூற்றைம்பது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாசனை மெல்ல வந்து மூக்கில் தங்கியது. தூசி காய்கிற வாசனை, பிளாஸ்டிக் இளகத் தொடங்குகிற வாசனை, வெகுநேரம் ஓடிய எந்திரத்தின் வாய்க்காற்றில் வருமே அந்த வாசனை. குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளைகளில் மூக்கை வைத்தான். அங்கே இல்லை. மேசைக்கு அடியில் வயர், பிளக், எதிலும் இல்லை. எழுந்தான். நடையில் கால் வைத்ததும் வாசனை கெட்டியானது. தங்கையின் கதவிடுக்கு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

போர்வையை உதறிவிட்டுப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வெப்பமானி முப்பத்தெட்டரை டிகிரி காட்டியது, இயல்பைவிட ஒன்றரை கூட.

"மழைல நனைஞ்சியா?"

"இல்லையே. பிள்ளைங்க யாராவது கொடுத்திருக்கும், சாக்லேட் கேட்டாத் தராதுங்க, காய்ச்சல் மட்டும் தாராளமாத் தரும்." சிரித்தாள். உதடு காய்ந்திருந்தது.

மாத்திரை கொடுத்தான். ஈரத் துணியை நெற்றியில் போட்டான். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் கண்ணயர்ந்ததும் மேசைக்குத் திரும்பினான். சும்மா இருக்க முடியாத கைகள். நூற்றெழுபத்தைந்து. இருநூறு. சோதனைக்காக மலையில் பனிச்சரிவு வருகிற கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அந்தக் கட்டத்தில்தான் எந்த எந்திரமும் மூச்சு வாங்கும். இது வாங்கவில்லை. விசிறி சுற்றுகிறதா என்றே தெரியாத அளவுக்கு மௌனம். முப்பத்தேழு.

ஆனால் எங்கோ விசிறி கேட்டது.

சரிவு உருளும்போது உயர்ந்து, மலை அமைதியாகும்போது தாழ்ந்து, ஒரு மெல்லிய ரீங்காரம். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினான். மழை. மழைக்குள்ளே அது. நடைக்கு வந்து நடுவில் நின்றான். இடப்பக்கம் திரை தெரிந்தது. வலப்பக்கம் தங்கையின் கதவு. திரையில் பனி சரியத் தொடங்கியது. வலப்பக்கம் ரீங்காரம் ஏறியது. பனி அடங்கியது. ரீங்காரம் இறங்கியது.

அவளுடைய மூச்சு.

உள்ளே ஓடினான். நெற்றித் துணி இஸ்திரி போட்டது போல மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதன் வழியாக அனல் சீராக, நிற்காமல், வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தது. மனிதர்கள் மூச்சை உள்ளேயும் இழுப்பார்கள். அவள் இழுப்பது தெரியவில்லை.

நாற்பதரை.

தொட்டுத் தொட்டுப் பாரு என்று சொன்னாரே. தொட்டுப் பார்த்துவிட்டான்.

மேசைக்கு ஓடினான். வேகத்தை நூற்றுக்கு இழுத்தான். திரும்பி வந்தான். முப்பத்தொன்பது. மறுபடி ஓடினான். ஐம்பது. முப்பத்தெட்டு. பூஜ்யம். விளையாட்டை மூடினான். முப்பத்தேழு. தங்கை புரண்டு படுத்து நீண்ட பெருமூச்சு விட்டாள். போதும் சாமி, போதும். இந்தச் சனியனே வேண்டாம்.

லேப்டாப்பை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். மூடினான்.

வீடு அமைதியானது.

மழைகூடத் தூரமாகிவிட்டது போன்ற அமைதி. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம். இரண்டு. உள்ளங்கைக்குக் கீழே லேப்டாப்பின் மூடி ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை நேரமும் உயிருள்ளவர் கை போல இருந்தது, இப்போது மேசையின் குளிருக்கு, சுவரின் குளிருக்கு, இறங்கிக்கொண்டிருந்தது.

இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய்," என்றான். "ஏய் பாப்பா."

அவள் அறைக்கு ஓடினான்.

அவள் நெற்றி கட்டில் கம்பியைப் போலக் குளிர்ந்திருந்தது. கன்னத்தின் சிவப்பு போய் மெழுகு நிறம். வெப்பமானி எண் காட்டவில்லை. இரண்டு கோடுகள் மட்டும். மார்பு எழவில்லை. ஒரு கையால் அவள் தோளை உலுக்கிக்கொண்டே மறு கையால் ஆம்புலன்ஸுக்கு அடித்தான். மழையில் பாதை தண்ணீர், நாற்பது நிமிடம் ஆகும் என்றது ஒரு பெண் குரல். மூச்சு இருக்கா சார், பாருங்க சார் என்றது. அவன் பார்த்தான். பிறகு போனைக் கட்டிலில் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினான்.

பிளக். பொத்தான். கறுப்புத் திரை. கறுப்புத் திரை. பிறகு நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. லேப்டாப்பை அப்படியே தூக்கி, வயரோடு அவள் அறைக்குக் கொண்டுவந்து, கட்டில் பக்கத்துப் பிளக்கில் செருகினான். புள்ளிகள் சுற்றின. அவளுடைய மூடிய இமைகளுக்குள் கருவிழிகளும் அதே வேகத்தில் சுற்றின.

திரை ஒளிர்ந்தது. அவள் கண் திறந்தாள்.

"என்னடா அண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

அழுதான். அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதான். வெதுவெதுப்பான கை. திரையின் மூலையில் முப்பத்தேழு.

"அய்ய, காய்ச்சல் எனக்கு, அழுகை உனக்கா? நல்லாத்தான் இருக்கேன். பசிக்குது."

அடிமூடியைத் திறந்து அந்தப் பசையை வழித்துவிடலாமா என்று நினைத்தான். அதற்கு முதலில் அணைக்க வேண்டும்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

அறை விளக்கு, நடை விளக்கு, எதிர்வீட்டு ஜன்னல், தெருமுனை வரை எல்லாம் ஒரே நொடியில் கறுத்தன. மழையின் இருட்டில் திரை மட்டும். திரை வெளிச்சத்தில் தங்கையின் முகம் மட்டும். இத்தனை நேரம் கூட்டிய வேகம் பேட்டரியையும் தின்றிருந்தது; சார்ஜ் முப்பத்தொன்று என்றது லேப்டாப். இருபது நிமிடம் தாங்கும் என்றது. ஆம்புலன்ஸ் வர இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

போனை எடுத்தான். அதே பெண் குரல்.

"வண்டில பிளக் பாயிண்ட் இருக்குமா மேடம்?"

"என்ன சார் கேக்குறீங்க?"

"லேப்டாப் சார்ஜ் போடணும். சீக்கிரம் வரச் சொல்லுங்க மேடம். தயவுசெஞ்சு."

"சார், பேஷண்டு எப்படி இருக்காங்க?"

"யாருடா போன்ல?" என்றாள் தங்கை.

சார்ஜை மிச்சப்படுத்தத் திரையின் ஒளியைக் குறைத்தான். ஒரு படி. அவள் குரல் கிசுகிசுப்பானது. இன்னொரு படி. உதடு மட்டும் அசைந்தது. பதறிப்போய்ப் பழையபடியே ஏற்றினான். அதன் பிறகு வேறெதையும் தொடத் துணியவில்லை. எந்த எண்ணை மாற்றினால் அவளுக்குள் எது மாறும் என்று யாருக்குத் தெரியும்?

"இருட்டுல என்ன பண்றது? கதை சொல்லவா?" என்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "நேத்து எங்க கிளாஸ் வாண்டு ஒண்ணு கேக்குது, 'மிஸ், நீங்க ராத்திரி ஸ்கூல்லயே..."

திரை அணைந்தது. ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாக அணையும்.

மழை.

இருட்டில் கை நீட்டினான். விரல் விசைப்பலகையைத் தேடியது. பட்டது.

"...தூங்குவீங்களா'ன்னு. பிள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போனதும் மிஸ்ஸுங்களை அலமாரில வச்சுப் பூட்டிருவாங்கன்னு நினைச்சுட்டு இருக்குதுடா அது!"

வாய்விட்டுச் சிரித்தாள். நடுவில் நின்றுபோனது அவளுக்குத் தெரியவே இல்லை.

"சிரிடா அண்ணா. நல்லால்லையா?"

சிரித்தான். விரலை எடுக்கவில்லை. சார்ஜ் பதினான்கு.

"இன்னொண்ணு கேளு."

"சொல்லு பாப்பா."

ஒன்பது.

சொன்னாள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, பிள்ளைகளைப் போலவே மழலை பேசிக் காட்டிச் சொன்னாள். தெருவில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை. அவன் சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தான். விரல் விசையின் மேல். கண் எண்ணின் மேல்.

ஐந்து.

"அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

நான்கு.

"என்ன சொன்னே பாப்பா? சொல்லு. சீக்கிரம் சொல்லு."

"இருடா, அவசரப்படுத்தாதே," என்றாள் அவள், சிரித்தபடி.

எழுந்து வாருங்கள் கண்மணிகளே, அந்த அறையில் நமக்கு இனி வேலையில்லை. உங்கள் வீட்டு விளக்குகள் தடையில்லாமல் எரியட்டும். உங்கள் பிள்ளைகளின், கூடப் பிறந்தவர்களின் நெற்றியைத் தொட்டால், உங்கள் கைக்குப் பழகிய சூடே இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கியவர், அதைச் சொல்லி முடிக்கிற வரம் பெறட்டும்.