இடம்: சமையலறை

ஆறு ஃபைல் இருக்க வேண்டிய ஃபோல்டரில் ஐந்துதான் இருந்தன.

ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் நாற்பத்தோராயிரம் பாட்டுகள் கிடந்தன, பாதிக்கு மேல் பாடியவர் பெயர்கூட இல்லாமல். அத்தனை பாட்டு வைத்திருக்கிற மனிதன் எதையும் கேட்பதில்லை, சாகும்வரை அடுக்கிக்கொண்டேதான் இருப்பான். மூன்று வாரமாக இவருக்கும் அதுதான் பிழைப்பு. புது சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபைலையும் தானே கேட்டு, பாடியது யார், எந்த வருடம் என்று கட்டம் கட்டமாக நிரப்பியது. ஒரே ஒலி இரண்டு இடத்தில் இருந்தால் தரம் குறைந்ததை நீக்கியது. ஒவ்வொரு தடவையும் அது அனுமதி கேட்டுக் கழுத்தை அறுத்ததால், 'இனிமேல் கேட்காதே' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டிருந்தார்.

இந்த ஃபோல்டரில் இருந்தவை அவர் மனைவியின் ஒலிகள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அவளில் மிச்சம் இருப்பது அந்த ஆறுதான், அதில் ஒன்று போனாலும் அவருக்குத் தாங்காது.

நீக்கியவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தார்.

'பாட்டு. நீக்கப்பட்டது. இதைவிடத் தரமான பிரதி உள்ளது. இடம்: சமையலறை.'

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை விடாமல் கொட்டியது, மூடிய ஜன்னலின் மரச்சட்டம் ஊறி வாடை அடித்தது, லேப்டாப்பின் விசிறி ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில், பாத்திரம் உருளும் சத்தத்தோடு சேர்ந்து, சமையலறையில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. பாடியது அம்மாவின் பாட்டு. அதே இழுப்பு, மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான்.

"குட்டி, அந்தப் பாட்டு வேண்டாம்னு எத்தனை தடவ சொல்றது?"

"அம்மா ஞாபகமா இருக்குப்பா."

"இருந்தா மனசுக்குள்ள பாடிக்கோ. நீ பாடிப் பாடி எனக்கு அவ குரலே மறந்துபோகுது."

பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, தொடங்கியது.

தொலைந்த ஃபைலை அவர் மீட்டெடுத்தார். பிறகு விதியை மாற்றினார்: தரம் பார்க்க வேண்டாம், பழையதை வைத்துக்கொள், புதியதை நீக்கு. சமையலறை என்று எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் அவர் விரும்பவில்லை. 'எல்லாவற்றுக்கும்' என்பதை அழுத்தினார்.

'பாட்டு. பிரதி நீக்கப்படுகிறது. இடம்: சமையலறை.'

வரியின் நடுவில் பாட்டு அறுந்தது. பரவாயில்லை, சொன்னால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நிம்மதியாகக்கூட இருந்தது.

மகள் ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா, எனக்குப் பாட வரல. பாருங்களேன்."

வாயைத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்கியது, உதடு வார்த்தைகளை ஒழுங்காகச் சொன்னது, சத்தம் மட்டும் வரவில்லை. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தாள். சிரிப்பில் பாதிதான் கேட்டது.

'சிரிப்பு. பிரதி நீக்கப்படுகிறது. இடம்: கதவருகே.'

நிறுத்து பட்டனை அழுத்தினார். அது மங்கிக் கிடந்தது. மறுபடி அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வழி இருந்தது, மூன்று வாரம் இதே வேலையாகக் கிடந்தவருக்கு அது தெரியும்: அசலை அழித்துவிட்டால் பிரதி தங்கும். ஆறு ஃபைலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார். அழிக்கும் விசையின்மேல் விரலை வைத்தார்.

அப்போது ஸ்பீக்கரில் மனைவி சிரித்தாள்.

எட்டு மாதமாக அதைக் கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது மாதிரியே இருந்தது. இது முடியட்டும், இது ஒன்று மட்டும் முடியட்டும் என்று நினைத்தார்.

'அழுகை.'

மகளின் முகம் கோணியது. கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை.

'காலடி.'

அவரிடம் ஓடி வந்தாள். ஈரத் தரையில், வெறுங்காலோடு. ஒன்றும் கேட்கவில்லை. திரையில் ஓடிய வரிகளைப் பார்த்தாள்.

"அப்பா, அதை அழிச்சி—"

'மூச்சு.'

உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மனைவியின் நெஞ்சின்மேல் மைக்கை வைத்து அவரே பதிவு செய்தது.

அழுத்து. இப்போதே அழுத்து.

'துடிப்பு. பிரதி நீக்கப்படுகிறது. இடம்: உங்கள் அருகில்.'

இடது கையால் மகளை இழுத்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். சட்டை சூடாக இருந்தது. சோப்பு வாசனை. உள்ளே ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரில் மனைவியின் இதயம் நிதானமாக அடித்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

மகள் விழவில்லை. நின்றுகொண்டே, கண் கொட்டாமல், விசையின்மேல் இன்னும் அழுத்தாமல் இருந்த அப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.