நானூற்றுப் பதின்மூன்றாவது வாயில்

மங்கையின் மனு நானூற்றுப் பன்னிரண்டு வாயில்களைக் கடந்துவிட்டது என்று அவளுடைய வழக்கறிஞர் சொல்லி முடிப்பதற்குள், எதிர் மேசையிலிருந்த வாயிலாக்கி எந்திரம் ஒரு தாளைத் துப்பியது.

“இன்னொரு வாயில் திறந்திருக்கிறது,” என்றார் அரசு வழக்கறிஞர் கோதண்டம். தாளில் சூடு ஆறவில்லை. ‘காவலில் உள்ளோரின் உடன்பிறந்தோர் மேல்முறையீட்டு ஆணையம்’. பிறந்து ஆறு விநாடி ஆகியிருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த வங்கக் கடலோர நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஒரு விதி உண்டு. சொந்த நாட்டில் தட்ட வேண்டிய கதவுகளையெல்லாம் தட்டி முடித்தவர்தான் அங்கே வரலாம். அந்த விதியை மனத்தில் வைத்தே அரசு வாயிலாக்கியைச் செய்திருந்தது. எந்தக் குறை வந்தாலும் அதற்கென்றே ஓர் ஆணையத்தை முத்திரை, முகவரியோடு அது உண்டாக்கிவிடும். எதையும் மறுக்காது. ‘தங்கள் மனு உரிய பரிசீலனையில் உள்ளது’ என்று சீட்டும் தரும்.

மங்கையின் தம்பி இளவழுதி ஏழு ஆண்டுகளாகக் காவலில் இருந்தான். துறைமுகத்துக்கு நிலம் எடுத்ததை எதிர்த்துக் கூட்டம் போட்டவன். குற்றப்பத்திரிகை இன்றுவரை இல்லை. ஒரு சிறுநீரகம் போய்விட்டது, மற்றது இந்த ஆண்டைத் தாண்டாது என்று சிறை மருத்துவரே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அனுப்பியபோது சிறுநீரகத்துக்கென்றும் ஓர் ஆணையம் திறந்தது.

தலைமை நீதிபதி பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சாட்சிக் கூண்டில் நின்ற மங்கையிடமே கேட்டார். “எல்லாத்துக்கும் எழுதினீங்களோ, அம்மா?”

“எழுதாம? எனக்குத் தொறந்துவிட்ட கதவெல்லாம் போதும், அய்யா. அவனுக்கு ஒண்ணே ஒண்ணு தொறந்துவிடுங்க.”

பிற்பகல் மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்தது. முடிவில்லாத வாயில்கள் சுவருக்குச் சமம், அவை இனிச் செல்லாது, இளவழுதியை இன்றே விடுவிக்க வேண்டும். மங்கை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆணை அரசுக்குப் போயிற்று.

ஆறு விநாடியில் வாயிலாக்கி அடுத்த தாளைத் தந்தது. கோதண்டம் தலை நிமிராமல் படித்தார்: ‘கடலோர நீதிமன்றம் தெரிவித்த குறை பெறப்பட்டது. அயல் நீதிமன்றங்களின் மனக்குறை தீர்ப்பாயம் திறக்கப்பட்டுள்ளது. தங்கள் மனு உரிய பரிசீலனையில் உள்ளது.’

நீதிபதியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “இதை ஒரு மனுசன்ட கையில குடுக்கவேணும். பொறுப்பான ஆள் ஆரெண்டு பேரைச் சொல்லுங்கோ.”

அரசுக்கு வரும் தாள்களையெல்லாம் இப்போது வாயிலாக்கியே வாங்கிக்கொள்கிறது, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தமக்கும் தெரியாது என்றார் கோதண்டம். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதைக் கேக்கறதுக்கும் ஒரு வாயில் இருக்குங்க. என் சம்பள உயர்வுக்காக நானே மூணு மாசமா மனு போட்டுட்டு இருக்கேன்.”

நீதிபதி தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் படிவம் இருந்தது. மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கி அவர் மேசையருகே போனாள். காவலர் தடுக்கவில்லை.

“அஞ்சாவது கட்டத்தைக் காலியா விட்றாதீங்க, அய்யா. திருப்பி அனுப்பிரும்.”

நீதிபதி பேனாவைத் திறந்து, ‘மனுதாரர்’ என்ற இடத்தில் தம் பெயரை எழுதத் தொடங்கினார்.