பூசையில் வைத்த எரிமலை

படத்திலிருந்த சாம்பல் மேகம் தன் சட்டத்தைத் தாண்டியிருந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் வெடித்த எரிமலையின் செயற்கைக்கோள் படங்களை, பினாங்கு வானிலை அலுவலக எழுத்தரான குலசேகரம், நோட்டுப்புத்தகம் ஒன்றில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். கடைசிப் படத்தின் விளிம்போடு நின்றிருந்த மேகம் இப்போது வெற்றுத்தாளில் பரவி, தொட்ட விரலுக்கு மூச்சுக்காற்றைப் போல வெதுவெதுப்பாகத் தட்டுப்பட்டது. பசையின் ஈரமாக இருக்கும் என்று மூடிவைத்தார். அன்று சரஸ்வதி பூசை. காய்ச்சலில் கிடந்த மகள் வினோதினி, தன் பள்ளிப் புத்தகங்களோடு அதையும் எடுத்துச் சாமி படத்தின் முன் அடுக்கினாள்.

மறுநாள் காலையில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் சுங்கை பினாங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் சன்னல்களை மறைத்திருந்தது. ஊதுவத்தி மணத்துக்கு அடியில், அப்போதுதான் உரசிய தீக்குச்சியின் நெடி கூடம் முழுவதும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

"இங்க வந்து பாருங்க! திருநீறு கொட்டியிருக்கு!" என்றாள் மனைவி பத்மாவதி. நோட்டுப்புத்தகத்தைச் சுற்றி, வெற்றிலையின் மேல், மென்சாம்பல்.

"தொடாத பத்மா. அது திருநீறு இல்ல."

"சும்மா இருங்கலா! அக்கரையில பாகான் டாலாம்ல ஒரு வீட்டுல கொட்டுச்சுன்னு ஊரே ஃபெர்ரி ஏறிப் போச்சு. நம்ம வீட்டுல கொட்டினா மட்டும் உங்க ஆபிஸ்ல பர்மிஷன் வாங்கணுமா?"

அவர் நோட்டுப்புத்தகத்தை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயோ, பூசை முடியாம புத்தகத்த எடுக்காதீங்க! பிள்ளைக்குப் படிப்பு ஏறாது."

பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வாக்கியம். கை தானாகப் பின்வாங்கியது. அதற்குள் பத்மாவதியின் மூன்று விரல்கள் சாம்பலை மகளின் நெற்றியில் இழுத்து முடித்திருந்தன.

"அப்பா, கதகதன்னு இருக்கு," என்று சிரித்தாள் வினோதினி. பிறகு சிரிப்பு நின்றது.

"சுடுதுப்பா."

ஈரத்துணியால் துடைத்தார். துணி கருகியது. கோடுகள் போகவில்லை. மீண்டும் துடைத்தார். மூன்று கோடுகளும் தோலுக்குள் இறங்கின.

பூசையைக் கலைத்து நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார். கடைசிப் படத்தில் மேகம் இல்லை. எரிமலையும் இல்லை. கடல். அதன் நடுவே, நாள்தோறும் வரைபடத்தில் அவர் பார்க்கும் தீவு. பினாங்கு. கிழக்குக் கரையில், இந்த வீடு இருக்கும் இடத்தில், ஊசிமுனையளவு வெண்புகை.

"பத்மா..."



திரும்பினார். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விழிகள் திறந்திருந்தன. அவளது நெற்றியைப் பத்மாவதி தன் உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தாள்.

அவள் விரலிடுக்குகளில் சிவந்த வெளிச்சம்.