ஆம்பல் குளத்தில் இரண்டு தண்டுகள்

ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து போலீஸ் தேடிய ஆட்களில் ஜெயவேலும் ஒருவன். அந்தச் சாயங்காலம் மனைவி ராஜாத்தியோடு மணலிப் பக்கம் தப்பிக்கும் வழியில், எர்ணாவூர்க் குளக்கரையில் வந்து நின்றபோது பின்னால் விசில் சத்தம் கேட்டது. சுற்றிலும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. கரையில் ஒற்றைப் பப்பாளி மரம் நின்றது.

ராஜாத்திக்குத்தான் யோசனை தோன்றியது. அதில் குழல்போல உள்ளே துளையுள்ள ஓர் இலைத் தண்டை ஒடித்து, இரு முனையையும் கிள்ளி அவன் கையில் திணித்தாள்.

“இத்த வாயில வச்சிகினு முழுகிக்கோ. நான் கீரை பறிக்கிற மாரி நிக்கிறேன். அவனுங்க போனதும் நானே வந்து தண்டை ஆட்டுறேன். அதுவரைக்கும் ஆடாம கெட.”

மார்பளவு தண்ணீரில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு சேற்றில் மண்டியிட்டான். தண்டின் நுனி மட்டும் ஆம்பல் இலைகளுக்கு நடுவே மேலே நின்றது. நாக்கில் பப்பாளிப் பாலின் கசப்பு. காதுக்குள் தன் மூச்சுச் சத்தம். கரையில் பூட்ஸ் சத்தம் அதிர்ந்து, பிறகு தேய்ந்தது.

அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது.

கலங்கிய பச்சை வெளிச்சத்தில் கண்ணைத் திறந்தான். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு தண்டு. அது வேரில் போய் முடியவில்லை. சேற்றோடு சேறாக, காய்ந்த பனையோலை போலத் தட்டையாக ஒன்று படுத்திருந்தது. தண்டு அதன் வால். முன்னால் இரண்டு நீண்ட கைகள் மடிந்திருந்தன.

தண்ணீர்த்தேள். விரல் நீளத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறான். வாலை மேலே நீட்டி மூச்சு வாங்கும். துரத்தாது, காத்திருக்கும். அசைவதைத்தான் பிடிக்கும். பிடித்த தவளையைக் குத்தி மரத்துப்போக வைத்து, உள்ளே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிவிட்டு, தோலை மட்டும் மிதக்க விடும்.

இது ஆள் நீளம் இருந்தது.

அசையாமல் இருந்தால் பிழைக்கலாம். நடுக்கத்தைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தான்.

தண்ணீர் கலங்கியது. ராஜாத்தியின் கால்கள்.

அவள் வந்தது அவன் தண்டை நோக்கி அல்ல, பக்கத்திலிருந்த அந்த வாலை நோக்கி.

மடிந்திருந்த கைகள் மெல்ல விரிந்தன.

ஐயோ, கத்தக்கூட வழியில்லையே! ஜெயவேல் தண்டைத் துப்பிவிட்டுச் சேற்றை ஓங்கி உதைத்தான். கைகள் அவன் பக்கம் திரும்பின. ஆடுதசையில் ஆணி இறங்கியது போல ஒரு குத்து. எப்படியோ பிய்த்துக்கொண்டு எழுந்தவனை ராஜாத்தி கரைக்கு இழுத்துப் போட்டாள்.

“இன்னாய்யா பேயறைஞ்ச மாரி முழிக்கிற? முள்ளு குத்திச்சா?”

சொல்ல வாயெடுத்தான். நாக்கு எழவில்லை. கால் மரத்து, இடுப்பு மரத்து, இப்போது தாடையும் மரத்துக்கொண்டிருந்தது.

மறுபடி விசில். இந்த முறை இரண்டு பக்கமும்.

ராஜாத்தியின் முகம் வெளுத்தது. பிடிபட்டால் அவனை உயிரோடு பார்க்க முடியாது என்று நேற்றெல்லாம் அழுதவள் அவள். அவன் அக்குளில் கை கொடுத்து, தண்ணீருக்கே திரும்ப இழுத்தாள். அவன் விரல்கள் அவள் சேலையைப் பற்றப் பார்த்து நழுவின.

துப்பிய பப்பாளித் தண்டு நீர்மேல் படுத்து மிதந்துகொண்டிருந்தது. ஜெயவேல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடியிலிருந்து யாரோ பிடித்ததுபோல அது நிமிர்ந்தது. மற்றதன் பக்கத்தில் அசையாமல் நின்றது.

“அதோ பாரு, உன் தண்டு உனக்காகவே நின்னுகினு கீது,” என்று காதில் கிசுகிசுத்தாள் ராஜாத்தி. “பயப்படாத. நான் வர்ற வரைக்கும் அசையாத.”