அக்கரைக் குரல்

பாட்டின் நடுவே, ஒருவரும் பாடாத இடத்தில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

புனிதவதி வெங்காயம் வெட்டிய கையோடு திரும்பினாள். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அறையில் அவளும் கசெற் றெக்கோடரும் மட்டும்தான். பனி கொட்டியதால் தையல் பக்டரியை மத்தியானமே பூட்டிவிட்டார்கள்; ஐந்து மணிக்கே மோர்னிங்சைட் தெரு இருண்டு, கூரையோரத்துச் சின்ன ஜன்னலில் தரைப்பனி நீலமாகத் தெரிய, ஹீற்றரின் சுட்ட தூசி மணமும் கழற்றிவைத்த ஈரச் சப்பாத்தின் மணமும் அறை முழுக்கக் கனத்துக் கிடந்தன.

பாட்டு சொவன்னா கொடுத்தது. பக்டரியில் பக்கத்து மெஷினில் தைக்கும் கம்போடியப் பெண் அவள். அதை முதலில் பாடிய சோடியை எழுபத்தைந்தில் பட்டாளம் கூட்டிப்போனதாம், திரும்பவில்லை. பிறகு அகதியாய்ப் போன ஊரில் இன்னொரு சோடி பாடியது. இது இப்போதைய இளசுகளுடையது. ஆணின் வரிகளை, கேட்பவர் தானே பாடட்டும் என்று வெறுமையாக விட்டிருந்தார்கள். ஆற்றின் இக்கரையில் நிற்கும் பெண், எப்போது வருவாய் என்று கேட்பாள். தண்ணீர் ஆழமில்லை, நீயே வா என்பான் அக்கரையில் நிற்பவன்.

பேச்சுத்துணை இல்லாத அறைக்கு அது போதுமாயிருந்தது. போன சனிக்கிழமை ஒரு பழைய கசெற்றில் பதிந்துகொண்டாள்.

மேலே வீட்டுக்கார வேரோனிக்கா அன்ரி படிக்கதவைத் திறந்தாள்.

"பிள்ளை, மகேஸ்வரன் வந்திட்டாரே? சொல்லாமல் ஒளிச்சு வச்சிருக்கிறீர், என்ன?"

"என்ன அன்ரி பகிடி?"

"ரெண்டு நாளா ஆம்பிளைக் குரல் கேக்குது. நல்லாத்தான் பாடுறார்."

"அது கசெற், அன்ரி."

கதவு மூடிய பிறகுதான் உறைத்தது. அதில் ஆண் குரலே இல்லை.

அவள் கணவன் மகேஸ்வரன், சண்டை நடக்கும் வன்னியில். பதினான்கு மாதமாகக் கடிதமில்லை. உயிரோடிருக்கிறான் என்று நம்ப அவளிடம் இருந்தது, அவன் பேசி அனுப்பிய ஒரு கசெற் மட்டும். மேசை லாச்சியை இழுத்தாள். அந்தக் கசெற்றின் பெட்டி வெறுமை.

றெக்கோடருக்குள் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த கசெற்றின் மூலையில் அவன் வைத்த நீல மைப்பொட்டு.

'நான் சுகமா இருக்கிறன், புனிதம். நீர் யோசிக்காதையும்.' அந்தக் குரலின் மேல்தான் பாட்டை ஏற்றியிருக்கிறாள்.

அழியாத மிச்சம் ஏதும் இருக்கலாம். அதுதான் அன்ரிக்குக் கேட்டிருக்கும். கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி, காதை ஒட்டிவைத்தாள்.

பெண் பாடினாள். இடைவெளி. மூச்சு.

மகேஸ்வரன் பாடினான்.

சொவன்னாவின் மொழியில். ஒரு சொல்லும் பிசகாமல். தண்ணீருக்கடியிலிருந்து பாடுவதுபோல.

அவனுக்குத் தமிழ்ப் பாட்டே இரண்டு வரி வராது.

பொத்தானை அமுக்கினாள். கசெற்றின் சில்லுகள் சுழலாமல் நின்றன.

பாட்டு நிற்கவில்லை.

அடுத்தது பெண்ணின் வரி. அவள் பாடவில்லை. இசை மட்டும். காத்திருந்தது.

புனிதவதியின் வாய் திறந்தது. தெரியாத சொற்கள். அவளுடைய குரல்.

ஜன்னலில் நீலம் மறைந்தது.

வெளியே, கண்ணாடியை ஒட்டி, வெறுங்கால்கள் இரண்டு. சுற்றிலும் பனியில் ஒரு தடமில்லை. இடுப்பில் கட்டிய சாரத்தின் கரையிலிருந்து சேற்றுநீர் சொட்டியது. இடது கணுக்காலில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு. எத்தனையோ முறை அவள் எண்ணெய் தடவிய தழும்பு.

அவள் பாடிக்கொண்டே இருந்தாள். கால்கள் மெல்ல மடிந்தன. முழங்கால்கள் பனியில் ஊன்றின. ஜன்னலுக்குள் பார்க்க, நனைந்த தலையொன்று குனிந்து வந்தது.