பட்டறைக்கு ஒரு டர்னர்

மதியம் ஒன்றரைக்குச் சங்கு ஊதியது. ஒன்று முப்பத்திரண்டுக்கு, லேத்தில் இரும்பு கடையும் இளைய டர்னர் அலறினான்.

சாப்பாட்டுக்குப் போகும் முன் கடைந்து, அளந்து, லேத்திலேயே விட்டுப்போன ஷாஃப்ட், யாரோ மறுபடி கடைந்ததில், நடுவில் ஒரு நூல் அளவு மெலிந்து கிடந்தது. இரண்டு மணிக்கு அதை வாங்குகிறவர் வருவார்.

“டர்னர்!” என்று கத்தினார் முதலாளி. இரண்டு தலைகள் திரும்பின.

“உங்கள இல்ல பெரியவரே. டேய், ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லலேன்னா நீ வீட்டுக்குப் போ.”

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் இருவர். காலையில் இளையவனோடு கைகலப்புவரை போன ஃபிட்டர். முப்பது வருடமாக அங்கே லேத் ஓட்டும் பெரியவர். பட்டறை பெருக்கும் அக்காவுக்கு அவர் லேத்தடியில் ஒரு இரும்புச் சுருள்கூடக் கிடைக்காது.

அந்த அக்காதான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தாள். ஷாஃப்ட் கெட்ட லேத்தில், சுருள் விழும் தட்டு காலி. கருவி நகரும் தடம் புது எண்ணெயில் பளபளத்தது.

“தம்பி, நீ துடைச்சியா?”

“சாயங்காலம்தான்க்கா துடைப்பேன். தினம் அதுக்குத்தானே திட்டுவீங்க.”

மணி 1.41. ஃபிட்டர்.

“எங்கடா இருந்தே?”

“மூட்டை மாதிரி தூங்கினேன். லேத் என் மேல ஓடினாலும் தெரியாது.”

“உன் வைஸ் இடுக்கி என்ன இவ்வளவு அழுக்கு?”

“விதை போட்டா முளைக்கும்க்கா!”

மணி 1.50. பெரியவர்.

“நீங்கண்ணே?”

“குழாயடியில இருந்தேம்மா. அந்தப் பக்கமே போகல.”

1.55. முதலாளி ஃபிட்டரின் சட்டையைப் பிடித்தார்.

“அவனை விடுங்க முதலாளி” என்றாள் அக்கா. “ கெடுக்க வந்தவன் கெடுத்துட்டு ஓடுவான். இந்த ஆளு சுருளை அள்ளி, துடைச்சு, எண்ணெயும் விட்டிருக்காரு. ஃபிட்டர் சொந்த வைஸையே தொடமாட்டான். துடைக்காம மெஷினை விட்டு நகராத கை இங்க ஒண்ணுதான். இல்லியாண்ணே?”

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார்.

“அப்படியே விட்டுட்டு வர மனசு வரல” என்றார். “என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல டர்னர் பொண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க. வீட்டுக் கதவுலயும் டர்னர்னுதான் எழுதியிருக்கேன். இவன் வந்து மூணே வருஷம். இப்ப டர்னர்னா இவன். நான் பெரியவராம்.”

முதலாளி வாசலைக் காட்டினார். பெரியவர் எண்ணெய்த் துணியை மடித்துத் தன் லேத்தின் மேல் வைத்துவிட்டு நடந்தார். இளையவன் புது இரும்பைப் பூட்டினான்.

“டர்னர், எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார் முதலாளி.

“மூணு மணி நேரம்” என்றான் இளையவன்.

வாசல்வரை போயிருந்த பெரியவரும் திரும்பியிருந்தார்.