மூன்றாவது முள்

காலை ஆறரைக்கு நிதிலனின் நெஞ்சு வழக்கம்போல் "நலம்" என்றது. சட்டைக்குள்ளிருந்து வரும் அந்தக் குரலுக்கு, பல் துலக்கிக்கொண்டே அவர் "சந்தோசம்" என்று பதில் சொன்னார். சமையலறையில் ஃபிரிட்ஜ் "நலம்" என்றது. மாடியில் தண்ணீர்த் தொட்டியும் "நலம்" என்றது. அவர் மனைவி தன்ஷிகா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மனநிம்மதிச் சட்டம் வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. எண்கள் மக்களைப் பயமுறுத்துகின்றனவாம். அதனால் எந்தக் கருவியும் மனிதரிடம் எண் பேசக்கூடாது. எண்ணெல்லாம் அரசு மையத்துக்குப் போகும். வீட்டுக்கு வருவது ஒரே சொல். எதிர்வீட்டு ரித்விக்கின் இதயச் சுழலியும் போன ஐப்பசியில் ஒருநாள் காலை "நலம்" என்றது. பத்து மணிக்கு ஆள் இல்லை. நிதிலனின் நெஞ்சில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவதும் அதே ரகச் சுழலி.

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. நாற்பது வயது தாண்டிய வண்டிகளில் முள் வைத்த அழுத்தமானிகளைப் பொருத்திக்கொள்ளலாம். தன்ஷிகாவிடம் ஒரு பழைய டர்போ டீசல் கார் இருந்தது.

"மூணு கேஜுங்களா அக்கா?" என்றாள் கணபதி ஏரியாவில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் இதழினி. "டர்போவுக்கு ஒண்ணு, ஆயிலுக்கு ஒண்ணு. மூணாவது எதுக்குங்க?"

"உங்கண்ணனுக்கு."

இதழினி டிரில்லை நிறுத்தினாள்.

"வண்டியில முள்ளு வெக்கலாம்னுதான கண்ணு சட்டம் சொல்லுது? யாரோட அழுத்தம்னு கேக்கலியே. அவரு சுழலி மையத்துக்கு அனுப்புற சிக்னலை இந்த முள்ளுக்கும் கொஞ்சம் காட்டி உடு."

"அக்கா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்."

"இவகிட்ட ஒருநாளாச்சும் வாதாடி ஜெயிச்சிருந்தா எனக்கு இந்தச் சுழலியே தேவைப்பட்டிருக்காது" என்றார் பக்கத்தில் நின்ற நிதிலன்.

டர்போவின் காற்றுக்குழாயில் இதழினி மானிக்கு ஒரு கிளைக்குழாய் போட்டாள். எஞ்சினில் ஆயில் அழுத்தத்தை உணரும் சென்சாரைத் திருகினாள். தன்ஷிகா டீ வாங்கப் போன நேரத்தில் நிதிலன் குனிந்து இதழினியிடம் ஏதோ சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தாள்.

அடுத்த நாள் கோத்தகிரி மலைப்பாதை; ஓட்டியது தன்ஷிகா. ஸ்டியரிங்கருகே மூன்று வட்டங்கள். மூன்றாவது முள் நாலில் நின்றது. மூன்றுக்குக் கீழே இறங்காதவரை பயமில்லை என்று இதழினி சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க, மேடு ஏறுனா உங்களுக்கும் தெம்பு ஏறுது. நாலரை காட்டுது!"

"பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

"ஆமா, இதுக்கொண்ணும் குறைச்சலில்ல."

ஒரு வளைவில், பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். மானிகளின் விளக்கு அணையவில்லை. ஆனால் மூன்றாவது முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்ஜியத்தில் படுத்தது.

தன்ஷிகா இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன தனு?" என்றார் நிதிலன், வேர்க்கடலையை உரித்தபடி.

அவள் அவரைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஆயில் முள்ளும் பூஜ்ஜியத்தில்தான் கிடந்தது. எஞ்சினைப் போட்டாள், இரண்டும் ஒன்றாக எழுந்தன. அணைத்தாள், ஒன்றாக விழுந்தன. மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"உங்க நெஞ்சுல என்னுங்க, ஆயிலா ஓடுது?"

கடலை உரிப்பது நின்றது. "இதழினிய வையாத. நாந்தான் ரெண்டையும் ஒரே ஒயர்ல சேக்கச் சொன்னேன். எஞ்சினை நிறுத்துனா முள்ளு விழும்னு தோணல. முள்ளப் பாத்தே எத்தன வருசமாச்சு!"

"எதுக்குங்க இது?"

"நீ நிம்மதியா வண்டி ஓட்டோணும்னுதான்."

"சட்டம் போட்டவீங்களும் இதையேதான சொன்னாங்க."

"நலம்" என்றது அவர் நெஞ்சு.

"நீ வாய மூடு" என்றாள் அதனிடம்.

"முள்ளு எறங்குற அன்னிக்கு நீ தனியாப் பாக்கோணுமேன்னு..."

"தனியா எங்கீங்க? நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல. எதிர்வீட்டக்கா அன்னிக்கு அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டிருந்தாங்க. முன்ரூம்ல ஆளு போனதே தெரியாம மூணு தோசை ஊத்தீட்டாங்க. அது மட்டும் என்னால ஆகாதுங்க."

நிதிலன் டேஷ்போர்டின் அடியில் கையை விட்டார். இன்னொரு ஒயர் சுருட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய டேப்பில் இதழினி பேனாவால் எழுதியிருந்தாள்: அக்கா கேட்டா.

மூன்றாவது மானியின் ஆயில் ஒயரைப் பிடுங்கி, சுழலியின் சிக்னல் வரும் இதைச் செருகினார். முள் மெல்ல எழுந்தது. நாலுக்கு வரவில்லை.

"எவ்வளவு?" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மூணே கால்."

"மூணே காலா..." உரித்த கடலையை அவள் உள்ளங்கையில் வைத்தார். "திரும்பீரலாமா?"

"எதுக்கு? இன்னும் ஏழு வளைவுதான். ரெண்டாவது கியர்லயே மெதுவாப் போலாமுங்க."

எஞ்சினைப் போட்டாள். ஆயில் முள் எழுந்தது. மேட்டில் காலை அழுத்தியதும் டர்போ முள்ளும் எழுந்தது. மூன்றாவது, தான் இருந்த இடத்திலேயே, லேசாக அதிர்ந்தபடி நின்றது.

"ஒண்ணு" என்று முதல் வளைவை எண்ணினார் நிதிலன்.